பஸ்ஸுக்குப் பின்னால் காற்று இல்லை

சைக்கிள் பந்தயத்தில் இறக்கம் வந்தால் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். ஏற்றத்தை எவ்வளவு நேரமானாலும் பார்ப்பேன். ஏற்றத்தில் ஆட்கள் மெதுவாகப் போவார்கள். விழுந்தாலும் முட்டியில் சிராய்ப்போடு போய்விடும். இறக்கத்தில் விரல் தடிமன் டயரை நம்பி, மெல்லிய ஒரு சட்டையோடு, லாரி வேகத்தில் வளைவுக்குள் பாய்கிறார்கள். வர்ணனைக்காரரின் குரல் சட்டென்று தாழ்ந்தால் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்தக் குரல் மறுபடி உயர்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, கவிழ்த்த போனின் முதுகையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். சங்கரன்கோவில் வட்டாரத்தில் இப்படிப் பயந்து சாகிற சைக்கிள் ரசிகன் வேறு யாரும் இருக்க மாட்டான். பயப்படாத சைக்கிள் ரசிகனும் இருக்க மாட்டான் என்பது வேறு விஷயம்.

எங்கள் ஊர் டவுனுக்குக் கிழக்கே ஒன்பது கிலோமீட்டர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தது நான்தான் முதல் ஆள். கல்லூரி விடுதியில் இருந்தபோது, ஆங்கிலம் வர வேண்டுமென்றால் ஆங்கிலம் கேள் என்று ஒரு ஆசிரியர் சொன்னார். செய்தி கேட்டால் புரியவில்லை. கிரிக்கெட் கேட்டால் அவர்கள் பேசி முடிப்பதற்குள் அடுத்த பந்து விழுந்துவிடுகிறது. சைக்கிள் பந்தயத்தில் ஐந்து மணி நேரம் பெரிதாக ஒன்றும் நடக்காது. வழியில் தெரிகிற கோட்டை, மேய்கிற மாடு, அந்த ஊர்ச் சாப்பாடு என்று வர்ணனைக்காரர்கள் நிதானமாகப் பேசிக்கொண்டே வருவார்கள். ஆங்கிலத்துக்காகப் போனவன் சைக்கிளில் சிக்கிக்கொண்டேன். இன்றைக்கும் ஆங்கிலத்தில் என்னால் நன்றாகப் பேச முடிகிற ஒரே விஷயம் டயர்தான்.

எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. எல்லா ரேஸையும் ஜெயிக்கிற இளைஞன் ஒருவன் இப்போது இருக்கிறான். அவனை எனக்கு ஆகாது. அவன் மேல் குற்றம் ஒன்றுமில்லை. ஜெயித்துவிட்டு மூச்சு வாங்காமல் சிரிக்கிறான், அதுதான் பொறுக்கவில்லை. எனக்குப் பிடித்தவன் அவன் அணியிலேயே இருக்கிற நீளக்கால்காரன். அவன் வேலையே காற்றைத் தன் மேல் வாங்கிக்கொள்வதுதான். தலைவனுக்கு முன்னால் நூறு கிலோமீட்டர் போவான், காற்று முழுக்க அவன் நெஞ்சில் அடிக்கும், பின்னால் வருகிறவன் சும்மா காலை ஆட்டிக்கொண்டு வருவான். கடைசி மலையில் நீளக்காலன் சக்கையாகி நின்றுவிடுவான். கேமரா அவனை விட்டுவிட்டு மேலே போய்விடும். அதன் பிறகு அவன் எப்படி ஊர் போய்ச் சேர்ந்தான் என்று யாரும் காட்டுவதில்லை.

இரண்டாவது அபிப்பிராயம்: மலை ரேஸைவிட உயர்ந்தது காற்று ரேஸ். பக்கவாட்டில் காற்று அடிக்கிற நாளில், கூட்டமாக வருகிறவர்கள் ரோட்டின் குறுக்கே சாய்ந்த வரிசையாக ஒதுங்குவார்கள். ஒருவன் தோளுக்கு ஒருவன் மறைவு. வரிசையில் இடம் கிடைக்காதவன் காற்றில் தனியாக மாட்டுவான். ஐந்து நிமிடத்தில் காணாமல் போவான். காற்றை இவ்வளவு மரியாதையாக நடத்துகிற விளையாட்டு வேறு இல்லை. எங்கள் பக்கத்துக்காரனுக்கு அது விளங்கும். ஆனி பிறந்தால் மேற்கே கணவாயிலிருந்து கிளம்புகிற காற்று ஆடித்தபசு முடிந்தும் ஓயாது. காற்றாலை இறக்கைகள் பேயாட்டம் ஆடும். பிரான்ஸில் அந்த மூன்று வார ரேஸ் நடப்பதும் சரியாக அந்த நாட்களில்தான்.

மூன்றாவது அபிப்பிராயம்தான் என்னைக் கெடுத்தது.

அப்பா டவுனில் விசைத்தறி ஓட்டுகிறார். முப்பது வருஷப் பஞ்சுத்தூசி நெஞ்சில் இருக்கிறது. எட்டரைக்கு ஷிப்டு. வீட்டிலிருந்து தறிக்கூடத்துக்குப் போகிற ரோடு நேர் மேற்கே. காற்றுக் காலத்தில் காலை ஏழு மணிக்கு சைக்கிளை எடுப்பார்; ஒன்பது கிலோமீட்டருக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆகும். நடுவில் மூன்று இடத்தில் இறங்கி நின்று, ஹேண்டில்பாரில் நெற்றியை வைத்து மூச்சு இழுப்பார். பஸ்ஸில் போகச் சொன்னால், "கூட்டத்துக்குள்ள நின்னா மூச்சு முட்டுதுலே" என்பார். என்னோடு வேலை பார்க்கிற வாத்தியாரின் பைக்கில் தினமும் தொற்றிக்கொண்டு டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவன் நான். நானும் ஒரு வண்டி வாங்கி அவரைக் கொண்டுபோய் விடுகிறேன் என்றால், "அடுத்தவன் முதுகுக்குப் பின்னால உக்காந்து போற ஆளு நான் இல்ல" என்பார். டாக்டர் சொன்னது ஒரே வரி: மூச்சை ரொம்ப இழுக்க விடாதீங்க. அதை எப்படி என்று அவர் சொல்லவில்லை.

போன வருஷம் அந்த ரேஸ் நடந்த நாட்களில் அப்பா ஷிப்டு முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். ரேஸ் முடிகிற நேரமும் எங்கள் சாப்பாட்டு நேரமும் ஒன்றாக இருந்தது. முதலில் கேலிதான்.

"ஏலே, இவனுவளுக்கு வேல வெட்டி கிடையாதா?"

"இதுதாம்ப்பா வேல."

"யாரு ஷிப்டு போடுதா?"

பிறகு கேலி குறைந்தது. நீளக்காலன் காற்றை வாங்குவதைக் காட்டி, பின்னால் போகிறவனுக்குப் பாதி உழைப்பு மிச்சம் என்று விளக்கினேன். அப்பா போனைக் கையில் வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். தறியில் அறுந்த இழையைத் தேடுகிற பார்வை அது.

"அப்ப முன்னால ஒருத்தன் போனா பின்னால காத்தே இல்ல."

"ஆமாப்பா. ஆனா நெருக்கமாப் போகணும். முன்னால போறவன் பின்சக்கரத்தையே பாத்துக்கிட்டுப் போகணும்."

இது தப்பு என்று எனக்குப் பிற்பாடு தெரிந்தது. உண்மையில் ஓட்டுகிறவர்கள் சக்கரத்தைப் பார்ப்பதில்லை. முன்னால் போகிறவனின் தோளைத் தாண்டி, ரோட்டைப் பார்ப்பார்கள். நான் போனில் பார்த்தவன். ஓட்டிப் பார்த்தவன் இல்லை. ஆனாலும் வாத்தியார் அல்லவா, தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்கிற பழக்கம் வந்துவிட்டது.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. பஞ்சராகிப் பின்தங்கிய ஒருவன் அணிக் கார்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, சர்ரென்று கூட்டத்தைப் பிடித்தான். அப்பா நிமிர்ந்தார்.

"கார் பின்னாலயும் போலாமா?"

"சட்டப்படி தப்பு. ஆனா கீழ விழுந்தவன், பஞ்சரானவன் போனா யாரும் கண்டுக்க மாட்டாங்க. அது சரிதாம்ப்பா. அவன் தப்பா அது? பின்தங்கிட்டான், பாவம்."

இதுதான் அந்த மூன்றாவது அபிப்பிராயம். முகம் தெரியாதவர்களோடு போனில் எழுதி எழுதி இதற்காகச் சண்டையே போட்டிருக்கிறேன். பின்தங்கியவன் கொஞ்சம் மறைவு தேடினால் அதில் என்ன அநியாயம்?

அப்பா அதை அதோடு விட்டுவிட்டு, ரேஸ்காரர்கள் கையால் காட்டுகிற சைகைகளைக் கேட்டார். குழி இருந்தால் இடுப்புக்குக் கீழே விரலை நீட்டிக் காட்டுவார்கள். வேகத்தைக் குறைக்கப் போகிறார்கள் என்றால் உள்ளங்கையைப் பின்பக்கமாக விரிப்பார்கள். சுவரோரம் நின்று செய்து காட்டினேன். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, "அப்பனும் மவனும் பரதநாட்டியம் ஆடுதீயளா?" என்றாள். மறுநாள் கட்டுக்கம்பியை வளைத்து அப்பாவின் சைக்கிள் பாரில் தண்ணீர் பாட்டில் வைக்க ஒரு கூடு செய்துகொடுத்தேன், ரேஸ் சைக்கிளில் இருக்கிற மாதிரி.

அடுத்த வாரத்திலிருந்து அப்பா ஏழு மணிக்குக் கிளம்பவில்லை. இரண்டாவது டீ குடித்தார். பேப்பர் பார்த்தார். ஏழே முக்காலுக்கு நிதானமாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். காற்று குறைந்துவிட்டது என்று நினைத்தேன். மாடியில் காயப்போட்ட என் வேட்டி பக்கத்து வீட்டு வேப்பமரத்தில் போய்த் தொங்கியது. அப்படியிருந்தும் காற்று குறைந்துவிட்டது என்றே நினைத்தேன். மனசுக்கு நல்லதாகப் படுவதை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. அம்மாதான், "தறியில கரி எங்க இருந்து வருது? காலரு பூரா கருப்பு" என்று சோப்பைத் தேய்த்துக்கொண்டே திட்டினாள்.

ஆடித்தபசுக் கொடியேற்றம் முடிந்த ஒரு நாள். பைக் வாத்தியார் லீவு. வழக்கமாக நான் கிளம்புவதற்கு அரைமணி முன்னால் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினேன். எங்கள் டவுன் பஸ் சைக்கிளை முந்துவதே அதிசயம், ரோடு அப்படி. கடைசி நீள சீட்டில் இடம் கிடைத்தது. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், பக்கத்தில் வாழையிலைக் கட்டோடு இருந்தவர் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னிக்கும் வாராரு பாரு! வால் மாதிரி ஒட்டிக்கிட்டே!"

திரும்பினேன். கண்ணாடி முழுக்கப் புழுதி. பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டு கை தூரத்தில் ஒரு சைக்கிள். ஓட்டுகிறவர் மூக்கையும் வாயையும் துண்டால் கட்டியிருந்தார். தலை குனிந்திருந்தது. கண் பஸ்ஸின் பின்சக்கரத்திலேயே இருந்தது. யாரோ ஒரு கிறுக்கர் என்று நானும் சிரிக்கத்தான் போனேன். அப்போது பாரில் கட்டுக்கம்பிக் கூடு தெரிந்தது. அதில் தண்ணீர் பாட்டில்.

அந்தப் பயத்தை எப்படிச் சொல்ல. இறக்கம் வந்தால் போனைக் கவிழ்க்கலாம். இதை எங்கே கவிழ்க்க? "அப்பா" என்று கத்தினேன். கண்ணாடி திறக்கிற கண்ணாடி இல்லை. டிரைவரிடம் நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தவன், அப்படியே மூடிக்கொண்டேன். பஸ் நின்றால்தான் ஆபத்து. பிரேக்கில் கால் வைத்தால் அப்பா வந்து பின்னால் மோதுவார். எங்கள் ஊரில் பஸ்ஸை நிறுத்தத்தான் எல்லா வழியும் உண்டு. ஒரு விசில் அடித்தால் நிற்கும், பக்கத்துத் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் நிற்கும். நிற்காமல் இருக்க என்ன செய்வது?

அந்த நேரம் பார்த்து நடுவில் ஒரு அக்கா காய்கறிச் சாக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"கண்மாய்க்கரை எறக்கம்! கண்மாய்க்கரை!"

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவர் கையைப் பிடித்தேன்.

"அண்ணே, விசில் அடிக்காதீங்க!"

"ஏன் சார், பஸ்ஸ ஊமையா ஓட்டச் சொல்லுதீங்களா?"

"நிப்பாட்டாதீங்கண்ணே. பின்னால... பின்னால எங்க அப்பா."

"அப்பா வந்தா நிப்பாட்டத்தான செய்யணும்?"

சாக்கு அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏ, நீ யாருலே எனக்கு ஸ்டாப்பு சொல்ல? நான் எறங்கணும்!"

"அக்கா, அடுத்த ஸ்டாப்புல எறங்குங்க. சாக்க நான் தூக்கிட்டு வாரேன். கும்பிடுதேன்க்கா."

கண்டக்டர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். குனிந்து பின்கண்ணாடியைப் பார்த்தார். அவர் முகமும் மாறியது. விசிலை வாயில் வைத்து இரண்டு தடவை அடித்தார். இரண்டு என்றால் போகலாம். கண்மாய்க்கரையில் கை காட்டி நின்றவர்கள் கத்தினார்கள். பஸ் நிற்காமல் போனது. டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து வாய்க்குள் என்னவோ சொன்னார்.

"சார், அடுத்தது வேகத்தடை," என்றார் கண்டக்டர். குரல் தாழ்ந்திருந்தது. வர்ணனைக்காரரின் அதே தாழ்ந்த குரல். "ரோட்டோரச் சின்னப் பள்ளிக்கூடத்து முன்னால. அதுல டிரைவரு பிரேக் போட்டுத்தான் ஆவாரு. எத்தன விசில் அடிச்சாலும் கேக்க மாட்டாரு."

பின்வாசலுக்கு ஓடினேன். படியில் இறங்கி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக் குந்தினேன். கீழே ரோடு ஓடியது. பஸ்ஸை உரசிக்கொண்டு வந்த எதிர்காற்று என்னைப் பிய்த்து எறியப் பார்த்தது. அப்பாவைக் கூப்பிட்டேன், குரல் அவர் காதில் நிற்காமல் அவரைத் தாண்டிக் கிழக்கே எங்கேயோ போனது. தலை நிமிரவே இல்லை. சக்கரத்தையே பாருங்க என்று சொன்னவன் நான்தானே. சொன்னபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் புத்தி வந்தது. அவர் கண் எங்கே இருக்கிறதோ அங்கே கையைக் கொண்டுபோக வேண்டும். இன்னும் கீழே இறங்கினேன். கண்டக்டர் என் இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். கையைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தாழ்த்தி, உள்ளங்கையைப் பின்பக்கமாக விரித்தேன்.

ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது எண்ணிக்கையில் அப்பாவின் கால் நின்றது. தலை மெல்ல நிமிர்ந்தது. துண்டுக்கு மேலே கண் மட்டும் என்னைப் பார்த்தது. சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்தது. அது ஒரு சைக்கிள் நீளமாச்சு, இரண்டாச்சு. மறைவை விட்டு வெளியே வந்ததும் காற்று அவரை அடித்தது. சுவரில் முட்டியது மாதிரி சைக்கிள் தள்ளாடி நின்றது. காலை ஊன்றிவிட்டார்.

அடுத்த கணம் டிரைவர் பிரேக் போட்டார். என் நெற்றி கம்பியில் இடித்தது. வாழையிலைக் கட்டு உருண்டு என் முதுகில் வந்து விழுந்தது. எனக்கு வலி தெரியவில்லை.

பள்ளிக்கூடத்து ஸ்டாப்பில் இறங்கி, சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த அக்காவோடு திரும்பி நடந்தேன். பாதி வழியில் அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அக்கா என்னை விட்டுவிட்டு அவரைப் பிடித்தாள்.

"ஏன் அண்ணாச்சி, பசு பின்னால கன்னுக்குட்டி மாதிரி பஸ்ஸு பின்னால போறீரே, பாலு சுரக்குதா?"

அப்பா சாக்கை வாங்கி கேரியரில் வைத்தார். மூன்று பேருமாகக் கண்மாய்க்கரை வரை நடந்தோம். அக்கா சாக்கை இறக்கிக்கொண்டு போன பிறகுதான் அப்பா துண்டை அவிழ்த்தார். மூக்கைச் சுற்றி மட்டும் வெள்ளை, மற்ற இடமெல்லாம் புகைக்கரி.

"எத்தன நாளாப்பா?"

"பதினோரு நாள்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "ஒரு தடவகூட எறங்கி நிக்கல. இழுப்பே இல்ல. நீ சொன்னது சரிதாம்லே, பஸ்ஸு பின்னால காத்தே கெடையாது. அந்த வெள்ளக்காரன் போகல?"

"அவனுக்கு முன்னால போற டிரைவருக்கு அவன் வாரது தெரியும்ப்பா. கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் ஓட்டுவான்."

"நம்ம டிரைவருக்கும்தான் தெரியும். தெனமும் பாக்காரே."

"அவருக்குத் தெரியாதுப்பா. பஸ்ஸுக்கு நேர் பின்னால வாரது எந்தக் கண்ணாடியிலயும் விழாது."

அப்பா நின்றுவிட்டார். "தெரியாதா?" என்றார்.

"தெரியாது."

சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். ரோட்டோரக் கல்லில் போய் உட்கார்ந்தார். பதினோரு நாளாக அவரைக் கவனித்து ஓட்டுகிற ஒருவர் முன்னால் இருப்பதாக நம்பித்தான் அவர் தலையைக் குனிந்து போயிருக்கிறார். எனக்கு வந்த பயம் அவருக்கு அப்போதுதான் வந்தது. அன்றைக்கு அவர் ஷிப்டுக்குப் போகவில்லை. நானும் பள்ளிக்கூடம் போகவில்லை.

மறுநாளிலிருந்து ஏழு மணிக்கு நான் முன்னால் போனேன். பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, சட்டையில் இரண்டு பொத்தானைக் கழற்றிவிட்டு, காற்று முழுக்க என் மேல் படும்படி அகலமாக நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினேன். இரண்டாவது கிலோமீட்டரில் தொடை எரிந்தது. நீளக்காலனைப் பற்றி நான் எழுதிய பாராட்டெல்லாம் எவ்வளவு மலிவானது என்று விளங்கியது. பின்னாலிருந்து சத்தம் வரும்.

"ஏலே, பஸ்ஸு அளவுக்கு வராதுலே. உன் முதுகு சின்னது."

"சாப்பாடு போடுங்க, பெருக்குதேன்."

குழிக்கு விரல் நீட்டுவேன். வேகம் குறைத்தால் உள்ளங்கையை விரிப்பேன். பார்த்துவிட்டேன் என்பதற்கு அவர் ஒரு மணி அடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. மணி வரும் வரை எனக்கு உயிர் உயிராக இருக்காது. திரும்பிப் பார்க்கலாம், பார்த்தால் நான் தடுமாறுவேன், அவர் என் மேல் விழுவார். முன்னால் போகிறவனுக்கு இவ்வளவு பயம் உண்டு என்று எந்த வர்ணனைக்காரரும் சொன்னதில்லை.

காற்று முடிவதற்குள் ஒரு நாள் எனக்குப் பயிற்சி வகுப்பு என்று திருநெல்வேலிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். நாள் முழுக்க அங்கே பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேரே கொடிக்குப் போய், அப்பா கழற்றிப் போட்ட சட்டையின் காலரை மூக்கில் வைத்தேன்.

"என்னலே, அழுக்குச் சட்டைய மோந்து பாக்க?" என்றாள் அம்மா.

உள்ளேயிருந்து அப்பா சொன்னார். "மோந்து பாத்துக்கிடட்டும். எதுத்த காத்துலதான் போனேன். அரமணி லேட்டு, மேஸ்திரிகிட்ட ஏச்சு வாங்கினேன். போதுமாலே?"

சட்டையில் வியர்வையும் பஞ்சும்தான் மணத்தது. டீசல் புகை இல்லை. சொன்னபடி நடந்திருக்கிறார். நிம்மதியாக உள்ளே போனேன். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேசி முடித்த அந்த நாலு வார்த்தைக்கே தோள் ஏறி இறங்கியது. ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும், எண்ணெய் போடாத சங்கிலி மாதிரி ஒரு சத்தம். காலையில் வாங்கிய காற்று இன்னும் இறங்கவில்லை.

போனில் ரேஸ் போட்டுக்கொடுத்தேன். அன்றைக்கு இறக்கம் இருந்தது. அவர் பார்த்தார். நான் வாசலுக்குப் போய் இரண்டு சைக்கிளுக்கும் காற்று அடித்தேன், பம்பு சத்தத்தை மீறி உள்ளே அவர் மூச்சு கேட்கிறதா என்று நடுநடுவே நிறுத்திக்கொண்டு.